மல்லாட்டையிலிருந்து சரத்துக்கு

பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்காரர்களுக்கு வேர்க்கடலை என்றால் மல்லாட்டை. மணிலாக் கொட்டை என்ற பெயர் வாய்க்கு வாய் உருண்டு மல்லாட்டையாகிவிட்டது. கள்ளக்குறிச்சி, திருக்கோவிலூர், விழுப்புரம், பண்ருட்டி என்று இந்தப் பக்கத்து மானாவாரிக் கொல்லைகளில் விளைந்த காய், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வண்டி வண்டியாகப் புதுச்சேரிக்குப் போய்க் கப்பலேறி, பிரான்சின் மார்செய் நகரத்தில் எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது. 1906-இல் தென்னார்க்காடு கெசட்டியரை டபிள்யூ. பிரான்சிஸ் எழுதி வெளியிட்டபோது மாவட்டத்தின் பெரிய பணப்பயிர் அதுதான். கப்பலுக்குப் போனது போக மிஞ்சியது பிள்ளைகளுக்கு. செடி பிடுங்கி முடித்த கொல்லையில் மண்ணைக் கிளறித் தப்பிய காயைப் பொறுக்கிவந்து, உப்புப் போட்டு அவித்தோ, மணலில் வறுத்தோ, வெல்லப்பாகில் உருண்டை பிடித்தோ தின்றார்கள். உலகச் சந்தைக்கென்று விளைந்த சரக்கு ஒன்று, வழியில் சிந்தியதால் பள்ளிக்கூடத்துப் பையனின் கால்சட்டைப் பையை வந்தடைந்தது. அதற்கு யாரும் ஆரோக்கியத் தின்பண்டம் என்று பெயர் வைக்கவில்லை. கையில் கிடைத்தது, தின்றான், அவ்வளவுதான்.

இப்போது வேறொரு யோசனை அடிக்கடி காதில் விழுகிறது. பள்ளிக்குள் கண்ணாடி முகப்புள்ள ஒரு தானியங்கிப் பெட்டி வைக்கலாம். காசு போட்டாலோ அட்டையைக் காட்டினாலோ சிப்ஸுக்குப் பதில் கடலை மிட்டாய், சிறுதானிய பிஸ்கட், உலர்பழம் என்று சத்தானவை வந்து விழும். பிள்ளைகள் திருந்திவிடுவார்கள் என்கிறார்கள். நல்லெண்ணத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் கள்ளக்குறிச்சி, கல்வராயன்மலைப் பக்கத்துப் பிள்ளைகளின் தீனிக்கு ஒரு நூறாண்டு வரலாறு இருக்கிறது. அதைப் புரட்டினால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. இடைவேளை மணி அடித்ததும் பிள்ளையின் கைக்கு என்ன வரும் என்பதை அதன் நாக்கும் முடிவு செய்ததில்லை, தாயின் அக்கறையும் முடிவு செய்ததில்லை. பள்ளி வாசல் வரைக்கும் எந்தச் சரக்கு வந்து சேர முடிகிறது, எத்தனை காசுக்கு அதைப் பிரித்து விற்க முடிகிறது என்ற இரண்டு கேள்விகள்தான் முடிவு செய்திருக்கின்றன. மெஷின் இந்த இரண்டையும் மாற்றாது. நீட்டும் கையை மட்டும் மாற்றும்.

மலையிலிருந்து தொடங்கலாம். கல்வராயன்மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. கச்சிராயபாளையத்திலிருந்து ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை. வடக்கே சேராப்பட்டு, இன்னாடு. மலையாளிப் பழங்குடிகளின் நாடு. கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை, மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்பது அவர்கள் சொல்லும் கதை. இங்கே நிலத்துக்கு உரிமை கொண்டாடியவர்கள் சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார் பரம்பரைகள். கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். நாடு விடுதலையடைந்து 29 ஆண்டுகள் கழித்து, 1976-இல்தான் அரசு இந்த மலையை நேரடி நிர்வாகத்துக்குக் கொண்டுவந்தது. அதுவரை வரியும் வாரமும் வெட்டி வேலையுமாகக் கழிந்த வாழ்க்கை. கொத்துக்காட்டில் சாமை, தினை, கேழ்வரகு; காட்டில் நாவல், நெல்லி, களா, ஈச்சம்பழம்; வீட்டுப் பக்கத்தில் பலா. பிள்ளைகளின் தீனி முழுக்க இதற்குள்தான். சத்துக்குக் குறைவில்லாத பட்டியல் என்று இன்றைய உணவியல்காரர் புகழலாம். ஆனால் பட்டியலில் இருப்பதெல்லாம் வயிற்றில் இருந்ததாக நினைத்துவிடக் கூடாது. விளைச்சலில் ஒரு பங்கு ஜாகீருக்குப் போன வீட்டில், அறுவடைக்கு முந்தைய மாதங்களில் காட்டுப்பழம் தீனியாக இருந்திருக்காது, சாப்பாடாகவே இருந்திருக்கும். பழைய உணவைப் போற்றிப் பாடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் குரலைத் தாழ்த்த வேண்டும்.

சாமையையும் சற்று அருகில் வைத்துப் பார்க்க வேண்டும், அதன் பிற்காலத்து வீழ்ச்சிக்குக் காரணம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணி. அதன் மேல் வழவழப்பான, இறுகப் பிடித்த உமி. நெல்லை ஒரு முறை குத்திப் புடைத்தால் அரிசி தெரிந்துவிடும்; சாமையைக் குத்திப் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, கல்லும் மண்ணும் அரித்தெடுத்தால்தான் உலையில் போட முடியும். இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போட்டு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அரிசி காண்பதற்குள் பொழுது ஏறிவிடும். மலையில் அதற்கான அரவை மில் பரவலாக வரவில்லை. ரேஷன் கடை வந்தது. தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2006-இல் கிலோ 2 ரூபாயாகவும் 2008-இல் 1 ரூபாயாகவும் இறங்கி, 2011 ஜூன் முதல் விலையில்லாமலே ஆனது. உலக்கையைச் சுவரில் சாய்த்துவைத்த பெண்ணை எந்த நியாயத்தில் குறை சொல்வது? பசி போனது பெரிய காரியம். ஆனால் சாமை தட்டிலிருந்து போனதும், அதோடு சேர்ந்து வீட்டில் இருந்த வறுத்த மாவும் களி உருண்டையும் போயின. சாப்பாட்டுக்கு அரிசி வந்தது. தீனிக்கு என்று அரசு எதையும் அனுப்பவில்லை. அந்த இடம் காலியாகக் கிடந்தது.

அரசு பிள்ளைகளுக்கு ஊட்டத் தொடங்கிய கதையோ ஒரு தீனியில்தான் ஆரம்பிக்கிறது. 1920 செப்டம்பரில், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் ‘டிபன்’ கொடுப்பது என்று தீர்மானம் போட்டது. சாப்பாடு என்று அவர்கள் சொல்லவில்லை. மேலும் சில பள்ளிகளுக்குப் பரவிய அந்த ஏற்பாட்டை, தொடக்கக்கல்விப் பணத்தை இதற்குச் செலவிடக் கூடாது என்று ஆங்கில அரசு தடுக்க, 1925-இல் நிறுத்தி, 1927-இல் சிறிய அளவில் திரும்பத் தொடங்கினார்கள். 1950களின் நடுவில் காமராஜரும் பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவும் ஊர்ப் பெரியவர்களிடம் நெல்லும் காசும் கேட்டு மதிய உணவை மாநிலம் முழுதும் விரித்தார்கள். ஒரு பிள்ளைக்கு 10 பைசா. அதில் 6 அரசுடையது, 4 ஊருடையது. 1961-இலிருந்து அமெரிக்காவின் ‘கேர்’ அமைப்பு பால்பவுடரும் எண்ணெயும் கோதுமையும் அனுப்பியது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இதை மையத்துக்கு ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் என்ற நிலையான அமைப்பாக்கியது. 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. 1998-இல் வாரம் ஒன்று. 2010-இல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும். முட்டையின் இந்தப் பயணத்தைக் கவனித்து வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஓர் அணா டிபனில் தொடங்கிய திட்டம் சோறாக வளர்ந்ததும் டிபனை மறந்துவிட்டது. மதியத்துக்குச் சோறு, காலைக்கும் மாலைக்கும் வாசல் கடை என்ற பாகப்பிரிவினை யாரும் அறிவிக்காமலே நடந்தேறியது.

வாசலில் முதலில் உட்கார்ந்தது கூடை. சாக்கு விரிப்பில் இலந்தைப்பழம், கொடுக்காப்புளி, நாவல்பழம், கீற்றுப் போட்டு உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய மாங்காய், அவித்த குச்சிக்கிழங்கு, படியில் அளந்து காகிதக் கூம்பில் கொட்டித் தரும் வறுத்த மல்லாட்டை. பக்கத்தில் ஒரு பாட்டிலில் தேன் மிட்டாய், இன்னொன்றில் நெல்லிக்குப்பத்து பாரி கம்பெனி மிட்டாய். பலகாரம் என்ற நம் சொல்லே வடமொழியின் ‘பல ஆகாரம்’, அதாவது பழ உணவு என்பதிலிருந்து வந்தது. எண்ணெய்ச் சட்டி அதற்குள் பிற்பாடு புகுந்ததுதான். கூடைக்காரப் பாட்டியின் வியாபாரத்தில் இரண்டு நுட்பங்கள் இருந்தன. சரக்கு அவள் தலைச்சுமையாகக் கொண்டுவரக்கூடிய தூரத்திலிருந்து வந்தது. அளவு காசுக்கேற்ப வளைந்தது: ஐந்து பைசாவுக்கும் ஒரு பிடி உண்டு, பத்துப் பைசாவுக்கும் ஒரு பிடி உண்டு, பிடிதான் பெரிசு சிறிசு. சுத்தம் என்று பார்த்தால் ஈ மொய்த்தது, கை கழுவும் தண்ணீர் கிடையாது, மிட்டாய்ச் சாயத்தில் என்ன இருந்தது என்று எவருக்கும் தெரியாது. இதை மறைப்பதில் பயனில்லை. ஆனாலும் கூடையில் இருந்ததில் பெரும்பகுதி அந்த வட்டாரத்து மண்ணில் அந்தப் பருவத்தில் விளைந்தது.

கூடையை வீழ்த்தியது எது? தொலைக்காட்சி விளம்பரம் என்பது வழக்கமான பதில். பாதிதான் சரி. மீதிப் பாதி இதே தென்னார்க்காட்டின் தலைநகரான கடலூரில் பிறந்தது. 1970களில் கடலூர் சின்னி கிருஷ்ணன், பெரிய பாட்டிலில் விற்கும் சாமான்களைக் கூலிக்காரரும் வாங்கும் அளவுக்குச் சின்னப் பொட்டலமாக்கி விற்கலாம் என்று முயன்றார். வெல்வெட் ஷாம்பு பாக்கெட் அப்படி வந்தது. 1983-இல் அவர் மகன் சி.கே. ரங்கநாதன் சிக் ஷாம்புவைக் கொண்டுவந்தார். தலைக்குத் தேய்ப்பதற்கும் தின்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பாக்கெட்டின் ஓரத்தில் துளை போட்டுச் சரமாகத் தொங்கவிடும் வித்தை, ஒரு காசுக்கு ஒரு கிழிப்பு என்ற கணக்கு, சைக்கிள் கேரியரில் ஐநூறு பாக்கெட்டைக் கட்டிக்கொண்டு எந்தக் குக்கிராமத்துக்கும் போய்விடும் விநியோகம் எல்லாம் ஷாம்பு போட்ட பாதை. அந்தப் பாதையில் ஊறுகாய் வந்தது, பாக்கு வந்தது, 1990களில் நொறுக்குத் தீனியும் வந்தது. லேஸ், 1999-இல் குர்குரே என்று பெரிய பெயர்கள் ஒரு பக்கம். அவற்றின் சாயலில் உள்ளூர் ஆலைகள் அடைத்த பெயரில்லாப் பொட்டலங்கள் மறு பக்கம். கல்வராயன்மலைப் பெட்டிக்கடைகளில் அதிகம் தொங்கியது இந்த இரண்டாம் ரகம்.

ஒரு பெட்டிக்கடைச் சரத்தை நின்று பார்த்தால் போதும். மேலே குறுக்குக் கம்பி. அதிலிருந்து வாழைத்தார்போலத் தொங்கும் பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் காற்று அடைத்துப் பருமனாக்கிய வயிறு, உள்ளே கையளவுக்கும் குறைந்த சரக்கு. பிள்ளை காசை நீட்டுகிறது, கடைக்காரர் அண்ணாந்து ஒன்றைக் கிழிக்கிறார், பேச்சே கிடையாது. அளவு முன்பே முடிவானது, விலை முன்பே அச்சானது, கொசுறு கேட்க முடியாது. யோசித்துப் பார்த்தால் இதுதான் வெண்டிங் மெஷின். மின்சாரம் வேண்டாத, கெட்டுப்போகாத, ஆள் வைத்து இயக்கும் வெண்டிங் மெஷின் மலை உச்சி வரைக்கும் ஏறி வந்து முப்பது வருடமாகிறது. புதிதாக ஒன்றைக் கொண்டுவரப் போவதாக நினைப்பவர்கள் இதைத்தான் மறந்துபோகிறார்கள்.

பொட்டலத்துக்குள் இருப்பதும் தூரத்துச் சரக்கு இல்லை என்பதுதான் இதில் கசப்பான பகுதி. இரண்டாம் உலகப்போரில் கிழக்காசியாவிலிருந்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் வருவது நின்றபோது, 1943 வாக்கில் சேலத்தில் குச்சிக்கிழங்கிலிருந்து அவற்றை எடுக்கும் தொழில் தொடங்கியது. ஆத்தூர், சின்னசேலம் வழியாக அது கிழக்கே பரவியது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்து சந்தையை நிலைப்படுத்தியது. மழையை நம்பிய மலைச் சரிவில் சாமைக்கு மாற்றாகக் காசு பார்க்க ஏற்ற பயிர் குச்சிக்கிழங்கு. மலைக்காரர்கள் அதற்கு மாறினார்கள். லாரியில் கிழங்கு கீழே இறங்குகிறது. ஆலையில் அரைபட்டு, நாரும் தோலும் கழிந்து, வெறும் மாவுச்சத்தாக வெள்ளை வெளேரென்று நிற்கிறது. அந்த ஸ்டார்ச்சிலும் மைதாவிலும் சாயம் கலந்து குழல் அப்பளமாகவும் நட்சத்திர வத்தலாகவும் செய்து, பொரித்து, உப்பும் காரமும் தூவிப் பொட்டலமாகும் சரக்கு மறுபடி மலையேறுகிறது. பத்து விரலிலும் மோதிரம்போல் மாட்டிக்கொண்டு மலைப் பிள்ளை அதைக் கடிக்கிறது. அப்பன் விற்ற கிழங்கு மகனிடம் காற்றாக வந்து சேர்கிறது. விவசாயியின் தேர்வைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. சந்தை கேட்டதை விளைவித்தான். சாமைக்கும் மல்லாட்டைக்கும் அப்படிக் கேட்கும் வாய் ஒன்று பள்ளிக்குள்ளே இருந்திருந்தால் அதையும் விளைவித்திருப்பான்.

இப்போது மெஷினுக்கு வரலாம். காசு போட்டால் பண்டம் தரும் பொறி நமக்குப் புதிதில்லை. ரயில் நிலையத்தில் வண்ண விளக்குச் சக்கரம் சுழலும் எடை மெஷினில் ஏறி, அட்டையில் எடையோடு ஜோசியமும் வாங்காத தலைமுறை கிடையாது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்துக்காகக் கோயம்பேடு சந்தையில் 2022 ஜூனில் 10 ரூபாய் நாணயத்துக்கு ஒரு துணிப்பை தரும் மெஷினை அரசே வைத்தது. துணிப்பை மெஷினுக்கு ஏற்ற பண்டம்: மடிக்கலாம், அடுக்கலாம், ஆறு மாதம் கிடந்தாலும் அது பைதான். தீனி மெஷினுக்குள் திருகுக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. சுருள் ஒரு சுற்றுச் சுற்றினால் முன்னால் நிற்கும் பொட்டலம் நகர்ந்து பள்ளத்தில் விழும். ஆகவே பண்டம் ஒரே அளவாக, விறைப்பாக, உறை போட்டதாக, விழுந்தாலும் உடையாததாக, வாரக்கணக்கில் கெடாததாக இருக்க வேண்டும். அவித்த மல்லாட்டை மாலைக்குள் ஊசிவிடும். சுண்டல் மதியத்தைத் தாண்டாது. நாவல்பழம் நசுங்கும். ஆக, என்ன விற்கலாம் என்பதை உணவியல்காரர் முடிவு செய்வதற்கு முன்பே கம்பிச் சுருள் முடிவு செய்துவிடுகிறது: பொட்டலம். மேலே ‘சத்தானது’ என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அதை நிரப்ப வாரா வாரம் ஒருவர் வண்டி எடுத்துக்கொண்டு மலையேற வேண்டும். பழுது பார்க்க இன்னொருவர்.

மெஷினை முன்பே வைத்துப் பார்த்த நாடுகளின் அனுபவமும் இதைத்தான் சொல்கிறது. அமெரிக்கப் பள்ளிகள் 1990களில் குளிர்பானக் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டு, மெஷின் வருமானத்தை விளையாட்டுக்கும் இசைக்கும் செலவழித்துப் பழகிவிட்டன. பிறகு அதை விடமுடியாமல் தவித்தன. 2014-இல் அந்நாட்டு நடுவண் அரசு ஒரு தின்பண்டத்துக்கு 200 கலோரிக்கு மேல் கூடாது, உப்பு இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு என்று விதித்தது. மெஷின்கள் அப்படியே நின்றன. கம்பெனிகள் அதே பெயரில், அதே படம் போட்ட உறையில், விதிக்குள் அடங்கும் பள்ளிப் பதிப்பு ஒன்றைத் தயாரித்து உள்ளே வைத்தன. பிள்ளை பள்ளிக்குள் பழகும் பெயரைத்தான் வெளியே கடையிலும் கேட்கும். பிரான்ஸ் வேறு வழியில் போனது. 2004-இல் சட்டம் போட்டு, 2005 செப்டம்பர் முதல் பள்ளிகளிலிருந்து தீனி மெஷின்களையே அகற்றியது. அங்கே அதற்குப் பின்னால் சமைத்துப் பரிமாறும் பள்ளிச் சாப்பாட்டுக் கூடம் இருந்தது. நம்மிடமும் அப்படி ஒரு கூடம் இருக்கிறது, ஒவ்வொரு சத்துணவு மையத்திலும்.

மறுப்புகள் உண்டு, அவற்றில் ஒன்று கனமானது. மெஷினுக்குச் சாதி கிடையாது என்பார்கள். 2018-இல் அவிநாசி வட்டாரத்தில் பட்டியல் சாதிப் பெண் சமைத்தார் என்பதற்காகப் பெற்றோர் எதிர்த்தார்கள். 2023-இல் கரூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் காலை உணவுக்கும் அதே கதை. கை படாத பொட்டலம் இந்தச் சண்டையைத் தவிர்த்துவிடும்தான். ஆனால் தவிர்ப்பதும் தீர்ப்பதும் வேறு. அந்த இரண்டு இடங்களிலும் அரசு கடைசியில் சமையல்காரரின் பக்கம் நின்றது. கரூரில் மாவட்ட ஆட்சியரே போய் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தக் கரண்டியைப் பிடித்திருக்கும் கைக்கு இருக்கும் மதிப்பை, கையே வேண்டாம் என்று சொல்லிக் காப்பாற்ற முடியாது. சுத்தம் பற்றிய இன்னொரு மறுப்புக்குப் பதில் எளிது: சத்துணவுக் கூடத்தில் தண்ணீரும் அடுப்பும் மூடி போட்ட பாத்திரமும் ஏற்கெனவே இருக்கின்றன, கூடைக்காரப் பாட்டிக்கு அவை இல்லை.

சட்டம் போதாதா என்றும் கேட்பார்கள். 2020 செப்டம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விதிகள், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்கின்றன. மலைக் கிராமத்தில் 50 மீட்டர் என்பது பல இடங்களில் மொத்த ஊரே. அங்கே இருப்பது ஒரு பெட்டிக்கடை. அதில்தான் தீப்பெட்டி, சோப்பு, வெற்றிலை எல்லாம். அந்தக் கடையின் சரத்தை அறுத்துவிட்டு, பசித்த பிள்ளைக்கு மாற்றாக எதையும் காட்டாமல் வந்தால், சரம் 51-ஆவது மீட்டரில் தொங்கும். பிள்ளைகளுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டாமா என்ற கேள்வி நகரத்துக்குப் பொருந்தலாம். வெள்ளிமலை ஏகலவ்யா பள்ளியிலோ, மலை முழுதும் இருக்கும் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலோ தங்கிப் படிக்கும் பிள்ளையின் பையில் தினமும் 10 ரூபாய் இருக்காது. மெஷின் முன்னால் காசுள்ள பிள்ளையும் காசில்லாத பிள்ளையும் தனித்தனியாகத் தெரிவார்கள். தட்டு நீட்டும் வரிசையில் தெரியமாட்டார்கள். 1920-இல் ஓர் அணாவை மாநகராட்சி ஏன் பிள்ளையிடம் கொடுக்காமல் டிபனாகக் கொடுத்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்பதுதான் இந்த வரலாறு தரும் வசதி. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், முதல் கட்டத்திலேயே மலைப்பகுதிப் பள்ளிகளைச் சேர்த்துக்கொண்டது. 2023 ஆகஸ்ட் 25-இல் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுதும் விரிந்தது. சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். வாரத்தில் இரண்டு நாளாவது உள்ளூர்ச் சிறுதானியத்தைப் பயன்படுத்தலாம் என்ற யோசனை அதன் அரசாணையிலேயே இருக்கிறது. சத்துணவிலோ வாரத்தில் ஒரு நாள் 20 கிராம் கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ உண்டு. பொதுத்தேர்வுப் பிள்ளைகளின் சிறப்பு வகுப்புக்குச் சென்னை மாநகராட்சி மாலையில் சுண்டல் கொடுத்துவந்திருக்கிறது. துண்டு துண்டாக எல்லாம் இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் அவற்றைக் கோக்க நூல்தான் வேண்டும். 2019 நவம்பர் 26-இல் பிறந்த இந்த மாவட்டத்தின் கொல்லையில் மல்லாட்டை இருக்கிறது, கரும்பும் வெல்லமும் இருக்கின்றன, மலையில் சாமையும் தினையும் இன்னும் முழுக்க அழிந்துவிடவில்லை. மலைமேல் உமி நீக்கும் மெஷின் ஒன்று வரட்டும்; மெஷின் வேண்டுமென்றால் வேண்டியது அதுதான். சாமை குத்தும் பெண்ணின் முதுகும் தப்பும், அரசு கொள்முதல் செய்தால் சாமைக்கு விலையும் கிடைக்கும்.

செலவு எங்கே என்று கேட்பவர்களுக்கு முட்டையின் கதையையே சொல்லலாம். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கியபோது, வாரம் ஐந்து கொடுக்க அரசிடம் காசு ஏது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். 21 வருடத்தில் வந்தது. பத்தாம் வகுப்போடு சத்துணவு நிற்கிறது, ஐந்தாம் வகுப்போடு காலை உணவு நிற்கிறது. அதற்கு மேல் இருக்கும் வளர்ந்த பிள்ளைகள்தான் சரத்துக்கு அதிகம் காசு கொடுப்பவர்கள், அவர்களிடமிருந்தே தொடங்கலாம். மாலை நாலு மணிக்கு, மணி அடித்ததும், அடுப்பிலிருந்து இறக்கிய மல்லாட்டை ஒரு கரண்டி, அடுத்த நாள் சாமை உருண்டை ஒன்று. கள்ளக்குறிச்சி மாவட்ட நிர்வாகம் முதலில் சத்துணவின் அந்த 20 கிராம் பயறை அவர்களுக்கும், மீதி நான்கு நாளுக்கும் நீட்டட்டும். அதற்குப் பிறகும் பணம் மிஞ்சினால் மெஷின் வாங்கிக்கொள்ளலாம்.